இருபத்து மூன்று வீடுகளைப் பற்றி நான் எழுதிய கேள்வி

தமிழ்நாட்டு எம்.பி.க்களின் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி, எங்கள் எம்.பி.யின் டெல்லி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மினி சேச்சி கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு முப்பத்து மூன்று வயது. எங்கள் எம்.பி.யின் கொச்சி மட்டாஞ்சேரி அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தேன். போன வருடம் விட்டுவிட்டேன். வீட்டில் ஐந்து வயதிலும் ஒரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். என் தமிழ் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ், படித்ததெல்லாம் மலையாளத்தில். எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டித் திருத்தியிருக்கிறேன். அம்மா ஒரே ஒரு இடத்தில் மட்டும், "இதைப் போய் எழுதணுமா?" என்று கேட்டாள். அந்த இடத்தை எடுத்துவிட்டுத் திரும்பவும் சேர்த்தேன். அது வரும்போது உங்களுக்கே தெரியும்.

வேலையில் நடந்த நல்ல காரியங்கள் சில உண்டு. வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாஸ்போர்ட், ரயில் நிறுத்தம், தபால் ஆபீஸ் கட்டடம். அவற்றை மினி சேச்சி சொல்வார். நான் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் படியில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுப் பலாமரக் கிளை எங்கள் ஓட்டின் மேல் விழுகிறது. முதல் மாதம் எல்லாவற்றுக்கும் மனு வாங்கி ரசீது கொடுத்தேன். பலாமரக்காரருக்கும் கொடுத்தேன். அவர் வாரம் ஒருமுறை வந்து, "டெல்லியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். மரத்தையே வெட்டிய பிறகும் ஒருமுறை வந்து கேட்டார்.

பிறகுதான் புரிந்தது. எம்.பி. என்பவர் பெரிய சைஸ் கவுன்சிலர் இல்லை. அவருடைய உண்மையான நாற்காலி மக்களவையில் இருக்கிறது. மத்திய அரசு நிற்பதும் விழுவதும் அந்த அவையில் எத்தனை கை உயர்கிறது என்பதை வைத்துத்தான். அதனால்தான் அங்கே ஒரு உறுப்பினர் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லாமல் போக முடியாது. நம்மைப் போன்றவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கேட்டும் கிடைக்காத பதில், அந்த அவையில் கேட்டால் அச்சடித்து வரும். இந்த நினைப்பு எனக்கு ஒரு போதை மாதிரி இருந்தது. பி.ஏ. அரசியல் படித்தவள், முனிசிபாலிட்டி துப்புரவுத் தொழிலாளியின் மகள். நான் எழுதும் நாலு வரிக்கு ஒரு அமைச்சகமே பதில் தயாரிக்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிடங்கு லைன் என்று ஓர் இடம். கடலோரமாக, மத்திய அரசின் கீழுள்ள ஓர் அமைப்பின் நிலத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய இருபத்து மூன்று அறைவீடுகள். அமைப்பின் பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் அங்கே மூட்டை தூக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது குடியிருந்தார்கள். கிடங்கு மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, மின்சாரம் இருந்தது. தண்ணீர் மட்டும் வாசலில் ஒரே பொதுக் குழாய். வீட்டு இணைப்புக்கு எழுதிப்போட்டால், நிலத்துக்காரரிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொண்டுவா என்றார்கள்.

அதைக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சுரேஷ், ஆட்டோ ஓட்டுகிறவன், லைன் சங்கத்தின் செயலாளர். மற்றவர் முத்துலட்சுமி அக்கா. வீட்டில் தோசை மாவு அரைத்து மட்டாஞ்சேரிக் கடைகளுக்குப் போடுபவர். நான் வாங்குவதும் அந்த மாவுதான். குழாயில் நின்று முப்பது குடம் பிடித்தால்தான் அவருக்கு ஒரு நாள் வேலை ஓடும். இடது தோள் இறங்கிப்போயிருந்தது.

"சுபா சேச்சி, நம்ம ஆளு பார்லமெண்டில எழுந்து ஒரு வார்த்தை கேட்டா போதும். மத்தவங்க எல்லாம் ஊர்ப் பாலத்துக்குக் கேக்குறாங்க. நம்ம தண்ணிக்குக் கேக்கக் கூடாதா?" என்றான் சுரேஷ்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளை வில்லையை மேசையில் வைத்தார். நடுவில் எண் குத்தியது, மேலே ஓட்டை. அவருடைய மாமனார் கழுத்தில் தொங்கிய கிடங்கு டோக்கன்.

"இதை எதுக்கு அக்கா?"

"சும்மா வந்து ஒட்டிக்கிட்டவங்க இல்லேன்னு காட்டத்தான். அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க, அவங்கதான் ரூம் கொடுத்தாங்க."

நான் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது அக்கா, சுரேஷ் படியிறங்கட்டும் என்று கொஞ்சம் பின்தங்கினார்.

"மோளே, ஒரு காரியம். டெல்லியில எல்லாம் நம்மளப் பத்திப் பேசணுமா? நாங்க இருக்கோம்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. அதனாலதான் இருக்கோம். இங்கேயே யாரையாவது பார்த்து முடிக்க முடியும்னா மதி, அது போதும்."

சரி என்றுதான் சொன்னேன். சரியாகவும்தான் தொடங்கினேன்.

அந்த அமைப்பின் நில அதிகாரி தேவராவிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வரும் ஒரு மெலிந்த மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. எங்கள் எம்.பி.யின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பழைய ரெஜிஸ்டர்ல அது தொழிலாளர் அறைகள்னுதான் இருக்கு. இப்ப இருக்கிறது யாருன்னு யாரும் கேட்டதில்ல, நானும் எழுதினதில்ல. தொழிலாளர் அறைகளுக்குத் தண்ணி இணைப்பு கொடுக்க ஆட்சேபம் இல்லேன்னு என் லெவல்லயே ஒரு லெட்டர் போடலாம். அடுத்த மாசம் பராமரிப்பு ஃபைல் போகும்போது அதோட சேர்த்து அனுப்பிடறேன். சாயா குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார். எழுத்துல ஏதாவது..."

"எழுத்து வேண்டாம். மேல இருக்கிறவங்க யாரும் அந்தப் பக்கம் பார்க்கிறதில்ல. நீங்க பார்க்க வெச்சுடாதீங்க, அது போதும்."

அது சரியான வழியா என்று அன்றும் குழம்பினேன், இன்றும் குழம்புகிறேன். உரிமையுள்ள ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்க, யாரும் பார்க்காமல் இருக்க வேண்டுமா? ஆனால் அந்த மனிதர் முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர். எது வளையும், எது முறியும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் போயிற்று. அதற்கடுத்த மாதமும் பாதி போயிற்று. பராமரிப்பு ஃபைல் எங்கேயோ தாமதம். சுரேஷ் பஜார் ரோட்டில் என்னைப் பார்த்தால் ஆட்டோவை ஓரங்கட்டி, "சேச்சி, தண்ணி டெல்லியில இருந்து பைப்ல வருதா, ட்ரெயின்ல வருதா?" என்று கேட்பான். பின்சீட்டில் இருக்கிற சவாரிக்காரரும் சிரிப்பார். கூட்டத்தொடர் தொடங்கும் நேரம் நெருங்கியது. எம்.பி.க்கள் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதில் எங்கள் எம்.பி. போன தொடரில் பின்னால் போயிருந்தார். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தப் பட்டியல் தெரியும். தொகுதியிலிருந்து கேள்விகள் அனுப்புங்கள் என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தது.

என் மூத்தவள் அம்முவுக்கு அப்போது இரண்டு வயது. அந்த வாரம் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இரண்டு நாள் லீவு எடுத்தேன். மூன்றாம் நாள் வந்தபோது, "குழந்தை இருக்கிறவங்களுக்கு இந்த வேலை கஷ்டம்தான்," என்றார் அலுவலக மேலாளர். கரிசனமாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அன்றே உட்கார்ந்து ஏழு கேள்விகள் எழுதினேன். அதில் ஒன்று கிடங்கு லைனைப் பற்றியது.

பழைய கேள்விகளைப் படித்துப் படித்து அந்த அச்சு எனக்குக் கை வந்திருந்தது. மூன்று பிரிவு. முதலாவது, அந்த நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் விவரம் என்ன. இரண்டாவது, அவர்களுக்குக் குடிநீர் இணைப்பு பெற ஆட்சேபமின்மைக் கடிதம் வழங்கும் உத்தேசம் அரசுக்கு உண்டா. மூன்றாவது, இல்லையென்றால் அதற்கான காரணங்கள் என்ன. எல்லாக் கேள்வியும் விவரம் கேட்டுத்தான் தொடங்கும், காரணம் கேட்டுத்தான் முடியும். கை தானாக எழுதியது. நான் கேட்க விரும்பியது நடுவில் இருந்த ஒன்றை மட்டும்தான்.

மினி சேச்சி டெல்லியிலிருந்து கூப்பிட்டார்.

"சுபா, இந்த நிலக் கேள்விக்குப் பதில் என்ன வரும்னு தெரியுமா?"

"தெரியாததுனாலதானே சேச்சி கேக்குறோம்?"

அவர் சிரிக்கவில்லை. "அமைச்சர் உட்கார்ந்து எழுத மாட்டார். அமைச்சகத்துல இருந்து கேள்வி நேரா கொச்சிக்கு வரும். உங்க ஊர் அதிகாரிதான் பதில் எழுதி அனுப்பணும். அவர் என்ன எழுதுவார்னு பேசிட்டியா?"

பேசவில்லை. அவர் நம் பக்கம்தான் என்று சொன்னேன். அப்போது அம்மா இன்னொரு போனில் அழைத்துக்கொண்டிருந்தாள், அம்முவுக்குத் திரும்பவும் நூற்று இரண்டு என்று. மினி சேச்சியிடம், "போடுங்க சேச்சி, நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு அந்த அழைப்பை எடுத்தேன். பொறுப்பு என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்தது அதுதான் கடைசி.

நட்சத்திரமிட்ட கேள்விகள் குலுக்கலில் ஒரு நாளைக்கு இருபதுதான் எடுக்கப்படும், அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், மேற்கொண்டும் கேட்கலாம். மற்றவற்றுக்கு அச்சடித்த பதில் மட்டும். எங்களுடையது இரண்டாவது வகையில் ஏற்கப்பட்டது. சுரேஷுக்குச் சொன்னேன். அவன் கேள்வியின் பிரதியை வாங்கிப் போய்ப் பெரிதாக்கி, லைனின் பொதுக் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டினான். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்முவை டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தபோது நில அதிகாரியின் எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்து நின்றுபோனது. வெளியே வந்து பார்த்தேன். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அன்று முழுவதும் அந்த மூன்று அழைப்புகளையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் தைரியம் வந்தது.

அவர் திட்டவில்லை.

"நீங்கதானா மேடம் எழுதினது?"

"ஆமா சார்."

"எத்தனை குடும்பம், வாடகையா, ஒப்பந்தமான்னு டெல்லியில இருந்து கேட்டிருக்காங்க. நான் என்ன எழுதறது? வாடகை ரசீது உண்டா? இல்ல. ஒப்பந்தம் உண்டா? இல்ல. ரெண்டும் இல்லேன்னா எழுதறதுக்கு ஒரே வார்த்தைதான் இருக்கு. அங்கீகாரமில்லாம குடியிருக்கிறவங்க. சபைக்குப் போற பதில்ல நான் பொய் எழுத முடியாது."

"பழைய ரெஜிஸ்டர்..."

"கேள்வியில அதைக் கேக்கலையே. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் எழுத விடுவாங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க எம்.பி. கேள்வியைத் திரும்பப் பெறலாம். விதியில இடம் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நான் பதிலை அனுப்பணும். அதுக்குள்ள ஒரு லெட்டர் போட்டா நான் எதையும் எழுத வேண்டி வராது. அந்த வீடுகள் பழையபடி இருக்கும்."

அம்மா எடுத்துவிடச் சொன்ன இடம் இதுதான்.

புதன் காலை பத்தரை மணி. வெள்ளி மத்தியானம் வரை நேரம் இருந்தது. எம்.பி.க்கு ஒரு போன் செய்ய வேண்டும். என் கேள்வி தப்பு, அக்கம்பக்கம் விசாரிக்காமல் எழுதிவிட்டேன், திரும்பப் பெறக் கடிதம் வேண்டும், கையெழுத்துப் போடுங்கள். இவ்வளவுதான். கடிதத்தைக்கூடத் தட்டச்சு செய்துவிட்டேன். அது இன்றும் என் பழைய லேப்டாப்பில் இருக்கிறது.

புதன்கிழமை அவர் ஒரு கமிட்டி கூட்டத்தில் இருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை மேலாளர் என் மேசைக்கு வந்து, "எம்.பி. கேள்விகளைப் பார்த்துட்டு உங்களைப் பத்தி நல்லா சொன்னாராம்," என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சுவரில் வேறு ஒட்டியிருக்கிறது. சுரேஷுக்கு என்ன சொல்வேன்? பதில் அவ்வளவு மோசமாக வராது, அமைச்சகத்தில் யாராவது மென்மையாக்கிவிடுவார்கள் என்று ஒரு நேரம் தோன்றும். இல்லை, இப்போதே சொல்ல வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றும். போனை எடுத்து எம்.பி.யின் பெயரை விரலால் தொடும் முன் வைத்தேன். அப்படி எத்தனை முறை என்று தெரியாது. இரண்டு நாள் லீவு எடுத்தவள், இப்போது தப்பும் செய்தாள் என்று ஆகிவிடும். என் மனதில் ஓடியது இதுதான். இருபத்து மூன்று வீடு ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை அம்முவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. நான் வேறு கேள்விகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பதில் அவையின் மேசையில் வைக்கப்பட்ட அன்று பிற்பகலே இணையதளத்தில் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட இல்லை. இருபத்து மூன்று குடும்பங்கள் அங்கீகாரமின்றிக் குடியிருக்கின்றன. அத்தகைய உத்தேசம் ஏதும் இல்லை. காரணம்: அங்கீகாரமின்றிக் குடியிருப்போருக்கு ஆட்சேபமின்மைக் கடிதம் வழங்க விதியில் இடமில்லை, சட்டப்படி அவர்களை வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்படும். என் மூன்று பிரிவுக்கும் வரிசையாக, ஒழுங்காக, பதில்.

இங்கே நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஓர் அதிகாரி சொன்னதை மறுநாள் அவரே மாற்றிக்கொள்ளலாம். மக்களவையில் அரசு சொன்னதை அப்படி மாற்ற முடியாது. எடுப்போம் என்று சொன்ன நடவடிக்கையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க அந்த அவைக்குத் தனியாகக் கமிட்டியே உண்டு. நாட்டு மக்களுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. எங்கள் விஷயத்தில் அதே பாதுகாப்பு மறுபக்கம் திரும்பி நின்றது. யாருக்கும் ஞாபகமில்லாமல் இருந்த வீடுகளை இடிப்பதாக அரசை நாங்களே வாக்குக் கொடுக்க வைத்தோம்.

சுரேஷ் மாலையில் வந்தான். படியேறி வரும் சத்தத்திலேயே தெரிந்தது. என் மேசைக்கு முன் நின்றான், உட்காரவில்லை. போனில் பதிலைத் திறந்து வைத்திருந்தான்.

"எவிக்ட்னா என்ன சேச்சி, வெளியேத்தறதா? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. நான் படிச்சது சரிதானா?"

"சரிதான்."

"அப்ப சுவத்துல இருக்கிறதைக் கிழிச்சுடவா?"

அவன் கேலியாகக்கூட எதுவும் பேசாமல் இறங்கிப் போனான். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

சனிக்கிழமை எம்.பி. கொச்சி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்ததையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புதன்கிழமை நான் டெல்லி வீட்டில்தான் இருந்தேன். ஏன் கூப்பிடலை?"

"பயமா இருந்தது சார்."

"என்னைப் பார்த்தா?"

"இல்ல சார். தப்பு செஞ்சவளா ஆயிடுவேன்னு."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அந்தக் கேள்வி என் பேர்ல இருக்கு சுபா. கையெழுத்துப் போடறப்ப நானும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. நாளைக்கு அந்த ஜனங்க முன்னாடி நான்தான் நிக்கணும். நீ வர வேண்டாம்," என்றார். என்னை விலக்கவில்லை, சம்பளத்தில் கைவைக்கவில்லை, யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அவசர விஷயங்களை எழுப்ப அவையில் ஒதுக்கும் பூஜ்ய நேரத்தில் எழுந்து, மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்று எம்.பி. பேசினார். அமைச்சரை நேரில் பார்த்தார். லைன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அக்காவின் டோக்கனை வக்கீல் காட்டினார். அந்த டோக்கனுக்கும் இந்த அறைகளுக்கும் என்ன தொடர்பு, பதிவேடு எங்கே என்று எதிர்த் தரப்பு கேட்டது. அதற்குள் நில அதிகாரிக்கு மாறுதல் வந்திருந்தது. பதிவேட்டைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று அமைப்பின் தரப்பில் சொன்னார்கள். ஆனால் மக்களவையில் வைத்த பதிலின் நகல் அவர்கள் கையில் இருந்தது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது.

கோர்ட் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. மாநில அரசின் திட்டம் ஒன்றில் பாதிப் பேருக்கு மேல் ஆளுக்கொரு பக்கமாகச் சின்ன வீடுகள் கிடைத்தன. மற்றவர்கள் வாடகைக்குப் போனார்கள். சுரேஷ் வல்லார்பாடத்தில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு வண்டி ஓட்டப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். லைன் இடிபட்ட அன்று நான் அலுவலகத்தில்தான் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தெரியாது. ஜன்னலை மட்டும் சாத்தி வைத்தேன்.

முத்துலட்சுமி அக்காவுக்குக் கும்பளங்கியில் வீடு கிடைத்தது. மாவு போட்ட கடைகளெல்லாம் மட்டாஞ்சேரியில். பஸ்ஸில் வாளியைத் தூக்கி வந்து சில மாதம் போட்டுப் பார்த்தார், புளித்துவிடுகிறது என்று கடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரியும். நான் போகவில்லை. போக வேண்டும் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தேன். வேலையை விட்ட மறுவாரம்தான் போனேன். அம்முவையும் கூட்டிப் போனேன். தனியாகப் போக எனக்குத் துணிவில்லை, குழந்தை முன்னால் அதிகம் பேச மாட்டார் என்ற கணக்கும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை.

"வா மோளே. இதா உன் பொண்ணு? அன்னைக்கு எப்பவும் பனி, காய்ச்சல்னு சொல்லுவியே, இவளா?"

"ஆமா அக்கா."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சமையல்கட்டில் குழாய் இருந்தது. அம்மு நேரே போய் அதைத் திறந்தாள். தண்ணீர் நன்றாக வந்தது. நான் மூட எழுந்தேன்.

"விடு, கழுவட்டும். இங்க தண்ணிக்குப் பஞ்சமில்ல," என்றார் அக்கா. குத்தலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கிரைண்டர் மூலையில் துணி போர்த்தி இருந்தது. அதன் மேல் வீட்டுச் சாவி. சாவியோடு அந்தப் பித்தளை டோக்கனும் கோத்திருந்தது.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். புதன்கிழமை அதிகாரியிடம் பேசிய போன் முதல் வெள்ளிக்கிழமை வரை சொன்னேன். அவர் மீனை வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசி உன்கிட்ட இருக்கா? டெல்லியில எங்களப் பத்திப் போட்டது. சுரேஷ் கிழிச்சுட்டான், நான் முழுசாக் கேக்கவே இல்ல."

போனில் திறந்தேன். அது இன்றும் அங்கே இருக்கிறது, என்றும் இருக்கும். முதலில் கேள்வியையும் பிறகு பதிலையும் ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் சொன்னேன். எத்தனை குடும்பம் என்று கேட்டோம், இருபத்து மூன்று என்றார்கள். கடிதம் கொடுப்பீர்களா என்று கேட்டோம், இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டோம், இதுதான் காரணம் என்றார்கள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

"எங்களை யார் அங்க குடிவெச்சதுன்னு கேக்கலையா?"

நான் திரையைப் பார்த்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், நானே எழுதிய கேள்வியில் நான் கேட்காத ஒன்று எங்காவது இருக்குமோ என்பது போல.

"கேக்கலை அக்கா."

"ஓ," என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, இல்லையா? அங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னுதானே நீ சொன்னே."

ஆம். சொல்லியிருப்பார்கள். அந்த மெலிந்த மனிதர், அன்று தன் அலமாரியிலேயே இருந்த பதிவேட்டைத் திறந்து, தொழிலாளர் அறைகள், குடிவைத்தது நாங்கள்தான் என்று எழுதி அனுப்பியிருப்பார். அவரிடம் யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ரெஜிஸ்டரைப் பற்றி என்னிடம் சொன்னாரோ என்னவோ. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் எழுத விடுவார்கள் என்றும் சொன்னார். அதே அவை, அதே அமைச்சர், அதே ஒரு பக்கத் தாள். இன்னொரு பிரிவுக்கு அதில் இடம் இருந்தது.

அக்கா எழுந்து போய்க் குழாயை மூடினார். அம்முவின் சட்டை நனைந்திருந்தது. அதைக் கழற்றிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, தன் பழைய துண்டொன்றால் அவளைச் சுற்றினார்.

"காயறவரைக்கும் இருந்துட்டுப் போ," என்றார்.

இருந்தேன். வெயில் குறைவாக இருந்தது, சட்டை காய வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உங்களுக்கு இந்தக் கூட்டத்தொடரில் கேள்விகள் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள். ஒரு தப்பைக் கண்டதும் அன்றே போன் செய்யுங்கள், குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்தாலும். கேள்வியை அனுப்பும் முன், அது யாரைப் பற்றியதோ அவரிடம் போய் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போனது என்ன என்று அவர் சொல்வார்.